தண்ணீருக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு!

பால் கணக்கு காலண்டரில் ஏறிவிடுகிறது. மளிகைக் கணக்குக்குத் தனி நோட்டு இருக்கிறது. புது சிலிண்டர் மாட்டிய தேதியை அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் குறித்து வைக்கிறோம். ஆனால், "உங்கள் வீட்டில் தண்ணீருக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகிறது?" என்று யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சட்டென்று பதில் சொல்ல முடியும்? "கேன் நாற்பது ரூபாய்", "மெஷின் பதினைந்தாயிரம்" என்று கடை விலையைச் சொல்வோம். வாங்கிய பிறகு மாசா மாசம் பர்ஸிலிருந்து கரைகிறதே, அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் அதைக் கூட்டிப் பார்த்தே ஆகவேண்டிய கட்டாயம் 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் கணவருக்கு ரிட்டயராக ஒரு வருஷம்தான் பாக்கி. நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், எட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்ககம். போர் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். கோடையில் நாலு மாதம் லாரி. குடிப்பதற்குக் கேன். குழாய் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக் காரை. துவரம் பருப்பு மூன்று விசில் வந்தும் விரலால் நசுக்கினால் நசுங்காது!

இந்த நிலையில், அடுக்ககம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெரிய சாஃப்ட்னர் போடலாம் என்று எங்கள் சங்கச் செயலாளர் ஒரு கொட்டேஷன் வாங்கி வந்தார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஒரு வீட்டுக்கு முப்பதாயிரம். "யோசிச்சு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்க" என்றார். ரிட்டயர் ஆகப் போகிற வீட்டில் முப்பதாயிரம் என்றால் சும்மாவா? நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வாசலில் வந்த 'மாஜிக்'!

அதே வாரத்தில் சொல்லி வைத்தாற்போல் ஒரு விற்பனைப் பையன் வந்து நின்றான். டை, பெட்டி, சிரிப்பு எல்லாம் பிரமாதம். "ஆன்ட்டி, ரெண்டே நிமிஷம். உங்க தண்ணி எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க" என்று இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைத்தான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவன் கொண்டு வந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரத்தைப் போட்டான். அவ்வளவுதான்! எங்கள் டம்ளர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கிச் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் டம்ளர் அப்படியே தெளிவாக இருந்தது.

"பாத்தீங்களா? இதைத்தான் தினம் குடிக்கிறீங்க" என்றான். என் மாமியார் மார்பில் கையை வைத்துக்கொண்டுவிட்டார்.

நான் சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்தேன். "தம்பி, இதை உன் நல்ல தண்ணியில போட்டுட்டு மறுபடி கம்பியை விடு, பார்க்கலாம்" என்றேன். அவன் கொஞ்சம் நெளிந்தான். பிறகு செய்தான். அவனுடைய தெளிந்த நீரும் பழுப்பாகிவிட்டது!

விஷயம் இதுதான். அந்தக் கம்பிகளில் இரும்புக் கம்பியும் உண்டு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். இரும்பு கரைந்து துருவாக வெளிவரும். நாம் பார்க்கும் சேறு பெரும்பாலும் அந்தக் கம்பியிலிருந்து வந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் பாய்வதில்லை, துருவும் வருவதில்லை. தண்ணீர் சுத்தமா, அசுத்தமா என்பதற்கும் இந்த வேடிக்கைக்கும் சம்பந்தமே கிடையாது. உங்கள் வாசலுக்கும் இந்த வித்தை வரும். கையில் ஒரு சிட்டிகை உப்போடு தயாராக இருங்கள்!

முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள்

வைத்தியரிடம் போனால் முதலில் நாடி பார்க்கிறார், பிறகுதான் மருந்து எழுதுகிறார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் நாம் மருந்தை முதலில் வாங்கிவிடுகிறோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பொதுமக்களும் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். சென்னை கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் வீட்டுப் பாட்டில் ஆகாது. அவர்கள் தரும் சுத்திகரிக்கப்பட்ட பாட்டிலில் பிடித்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எங்கள் தண்ணீருக்கு வந்த முடிவு இது. டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள மொத்த உப்புகள், லிட்டருக்கு 1,150 மில்லிகிராம். கடினத்தன்மை 480. நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு மூன்றும் வரம்புக்குள். ஆனால் சம்ப் தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி இருந்தது.

இந்திய தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500, 2012) குடிநீரில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது; வேறு நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200, 600 என்று இரண்டு எல்லைகள். ஃபுளோரைடு 1 முதல் 1.5 மில்லிகிராம். நைட்ரேட் 45-க்கு மேல் போகவே கூடாது.

இந்த ஒரு தாள் கையில் வந்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்: கிருமி, கூடுதல் உப்பு, கடினத்தன்மை. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கிருமிக்கான முதல் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் சம்ப்பிலேயே இருந்தது. எட்டு வீடும் சேர்ந்து சம்ப்பையும் மொட்டைமாடித் தொட்டியையும் இறைத்துத் தேய்த்துக் கழுவி, சுகாதார ஆய்வாளரிடம் அளவு கேட்டு பிளீச்சிங் பவுடர் போட்டோம். சம்ப் மூடியில் விரல் நுழைகிற விரிசல் இருந்தது, அதையும் அடைத்தோம்.

எது எதைச் செய்யும்?

கடையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். வேலை வேறு வேறு.

காய்ச்சினால் கிருமி சாகும். தளதளவென்று கொதி வர வேண்டும். கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்டுவதால் அவை சற்றுக் கூடவே செய்யும்!

யு.வி. என்பது புற ஊதாக் கதிர் விளக்கு. கிருமியைச் செயலிழக்கச் செய்யும். உப்பைத் தொடாது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் கதிர் உள்ளே பாயாது. மின்சாரம் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

யு.எஃப். என்பது மிக நுண்ணிய துளைகள் கொண்ட குழல் வடிகட்டி. மின்சாரம் வேண்டாம். பாக்டீரியாவைத் தடுக்கும். உப்பைத் தடுக்காது.

ஆர்.ஓ. ஒன்றுதான் கரைந்த உப்பைப் பிரிக்கும். ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் பெருமளவு குறைக்கும். 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதற்கான மெல்லிய சவ்வை உருவாக்கிய இருவரில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பது நமக்குப் பெருமை. ஆனால் வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளும்.

சாஃப்ட்னர் முற்றிலும் வேறு ஜாதி. அதற்குள் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும். மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். சோப்பு நுரைக்கும், காரை படியாது. ஆனால் டி.டி.எஸ். குறையாது. கிருமியும் சாகாது.

என் மாமியார் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல வேட்டித் துணியை மடிச்சுக் கட்டி வடிகட்டிக் குடிச்சோம். ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டியதில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்றும் இல்லாததற்கு அது நல்லதுதான். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே!

குடிநீர்க் கணக்கு

இனி என் நோட்டைப் பிரிக்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் சேர்த்து எங்கள் வீட்டுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். வருஷத்துக்கு 5,475 லிட்டர். இதில் குடிப்பதற்கு மட்டும் 8 லிட்டர். விலைகளெல்லாம் அப்போது நான் கடைகளில் விசாரித்தவை. உங்கள் ஊரில் கூடும், குறையும். கணக்குப் போடும் முறை மாறாது.

காய்ச்சுவது: "காய்ச்சினா செலவே இல்லை" என்கிறோம். அப்படியா? 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் சுமாராக 1,000 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்குத் தொண்ணூறு பைசா. குடிக்கிற 8 லிட்டரை மட்டும் காய்ச்சினால் வருஷத்துக்கு சுமார் 2,600 ரூபாய். சமையல் தண்ணீர் எப்படியும் அடுப்பில் கொதித்துவிடுகிறது.

மின்சாரம் வேண்டாத யு.எஃப். வடிகட்டி: விலை 3,000. ஐந்து வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 600. கார்ட்ரிட்ஜ் மாற்ற 1,500. ஆக 2,100 ரூபாய்.

யு.வி. கருவி: விலை 9,000. ஆறு வருஷத்துக்குப் பங்கிட்டால் 1,500. விளக்கு, வடிகட்டி மாற்ற 2,500. ஆக 4,000 ரூபாய்.

ஆர்.ஓ.: விலை 15,400. ஏழு வருஷத்துக்குப் பங்கிட்டால் 2,200. மெம்பரேன், வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்த வருடாந்திர ஒப்பந்தம் 5,000. மின்சாரம் 200-க்குள். இதோடு நின்றால் தேவலை. கழிவாகப் போகும் தண்ணீர் தினம் 45 லிட்டர். லாரித் தண்ணீர் 12,000 லிட்டர் 1,800 ரூபாய் என்றால் லிட்டர் 15 பைசா. நாலு மாதக் கோடையில் மட்டும் 800 ரூபாய்த் தண்ணீர் கழிவாகப் போகிறது. மொத்தம் 8,200 ரூபாய். வருஷம் பூராவும் லாரியை நம்பியிருக்கிறவர்கள் இன்னும் 1,600-க்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேன்: 20 லிட்டர் கேன் 274 வேண்டும். நாற்பது ரூபாய் வீதம் 10,960. மாடி ஏற்றக் கூலி தனி!

பார்த்தீர்களா? வாங்கும்போது கையைக் கடிக்காத கேன்தான் வருஷக் கடைசியில் எல்லாவற்றையும்விட அதிகம். ஆர்.ஓ. கருவியிலோ, விலையைவிட ஒப்பந்தத் தொகைதான் பெரிய பூதம். ஏழு வருஷத்தில் கருவிக்குக் கொடுப்பது 15,400. ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது 35,000! ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு டிஸ்கவுண்ட்?" அல்ல. "இரண்டாம் வருஷத்திலிருந்து என்ன கட்டணும்? அதில் மெம்பரேன் சேர்த்தியா?" என்று கேளுங்கள்.

எங்களுக்கு டி.டி.எஸ். 1,150 என்பதால் ஆர்.ஓ. நியாயமான செலவு. எல்லோருக்கும் அப்படி இல்லை. கோவையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. உப்பு வாடையே இல்லாத, ஊரே கொண்டாடும் தண்ணீர்! அவளிடமும் ஒருவர் வந்து ஆர்.ஓ. விற்கப் பார்த்தார். "அக்கா, எல்லார் வீட்டிலேயும் வச்சிருக்காங்களே?" என்று போனில் கேட்டாள். "நல்ல தண்ணியில இருக்கிற நல்ல உப்பையும் எடுத்துட்டு, மூணு பங்கைக் கீழே கொட்டறதுக்கா பணம் கொடுப்பே? காய்ச்சிக் குடி, போதும்" என்றேன். 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும், டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

இதற்கு நேர்மாறு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, முற்றினால் எலும்பு வளைவு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்து காவிரித் தண்ணீர் கிடைத்தது. ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரை எத்தனை முறை காய்ச்சினாலும் பயனில்லை. அங்கே குழாயில் வரும் ஆற்று நீர், அது இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர்தான் கதி.

சாஃப்ட்னர் கணக்கு

இப்போது அந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வருவோம். வீட்டுக்கு 30,000, பத்து வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 3,000. அடுத்து உப்பு. எட்டு வீட்டுக்கும் நாளைக்கு 4,000 லிட்டர். கடினத்தன்மை 480-ஐ 80-க்குக் கொண்டுவர வேண்டுமானால் தினம் 1.6 கிலோ சுண்ணாம்புச் சத்தை எடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் உப்பு தேவை. மாதத்துக்கு ஏறக்குறைய 110 கிலோ! கிலோ 12 ரூபாய் வீதம், வீட்டுக்கு வருஷம் 2,000. பராமரிப்பு 1,500. ஆக வீட்டுக்கு வருஷம் 6,500 ரூபாய்.

"கீசர் காயில் போகுதே, வாஷிங் மெஷின் கெடுதே, அந்தச் செலவு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் கீசர் காயில், குழாய் வாஷர், ஷவர், கூடுதல் சோப்புத் தூள் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். வருஷத்துக்கு 4,000 வந்தது. நாலாயிரத்தைக் காப்பாற்ற ஆறாயிரத்து ஐந்நூறா?

அதுவும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கழிப்பறைக்கு, வாசல் தெளிக்க, தரை துடைக்க, செடிக்கு. இவற்றுக்கெல்லாம் எதற்கு மென்னீர்? செடிக்கோ கெடுதலே: சோடியம் ஏறிய தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் மண் இறுகிப் போகும். மணிகளைக் கழுவிய உப்புக் கரைசலை மழைநீர்த் தொட்டிப் பக்கம் விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். போர் தண்ணீர் இன்னும் உப்பாகும். 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய குழியை நாமே பாழாக்கியது போல ஆகும்.

மாற்று வழி உண்டு. குளியலறைக் குழாய்க்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் பொருத்துகிற சின்ன சாஃப்ட்னர். நான் விசாரித்தது 7,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்குப் பங்கிட்டால் 1,400. நாளைக்கு 150 லிட்டர் என்றால், நாலு நாளைக்கு ஒரு தடவை அரை கிலோ உப்பு நம் கையாலேயே போட வேண்டும். மாதம் நாலு கிலோ. வருஷத்துக்கு 600 ரூபாய். மொத்தம் 2,000! கொஞ்சம் கை வேலை, அவ்வளவுதான். பூஜைக்கு எண்ணெய் போடுவது போலப் பழகிவிடும்.

பெரியவர்களும் குழந்தைகளும்

பணக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இது. சாஃப்ட்னர் தண்ணீர் குடிக்க அல்ல. 400 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுக்கும்போது லிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. இரண்டு லிட்டர் குடித்தால், கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பைச் சாப்பிட்ட மாதிரி. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் கொடுத்தால் என் மாமியாரின் ரத்தக் கொதிப்பு என்ன ஆகும்? அடுக்ககம் முழுவதற்கும் சாஃப்ட்னர் போட்டால் சமையலறைக் குழாயிலும் அதே தண்ணீர்தான் வரும். அப்படிப் போட்டிருக்கிறவர்கள் சமையலறைக்குத் தனிக் குழாய் இழுத்துக்கொள்வது நல்லது. ஆர்.ஓ. இருந்தால் அது அந்தச் சோடியத்தைப் பெருமளவு எடுத்துவிடும்.

"உப்புத் தண்ணி குடிச்சா கிட்னியில கல்லு வரும்" என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் வரம்பே வைக்கவில்லை. தண்ணீரையே போதுமான அளவு குடிக்காமலிருப்பதுதான் கல்லுக்குப் பெரிய நண்பன். வேலை மும்முரத்தில் நாம் பெண்கள் செய்வது அதைத்தானே?

பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். பவுடர் பால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், கொதிக்க வைத்து ஆறிய நல்ல தண்ணீர் வேண்டும். சாஃப்ட்னர் தண்ணீரைத் தொடாதீர்கள். நைட்ரேட் அதிகமுள்ள போர் தண்ணீரும் கூடாது. சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. பரிசோதனை முடிவில் அந்த ஒரு வரியை மறக்காமல் பாருங்கள்.

"சாஃப்ட்னர் போட்டா குழந்தைக்குக் கரப்பான் போயிடும் ஆன்ட்டி" என்றும் சொல்லி விற்கிறார்கள். இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. வீட்டில் சாஃப்ட்னர் வைத்ததால் நோயில் கூடுதல் குணம் தெரியவில்லை. குளிக்க இதமாக இருக்கும், சோப்பு நன்றாக அலசிப் போகும். அதற்காக வாங்கலாம்; மருந்தாக நினைத்து வாங்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

நோட்டோடு கூட்டத்துக்குப் போனேன். "என்ன மாமி, பட்ஜெட் கூட்டத்தொடரா?" என்று சிரித்தார்கள். வாசித்து முடித்ததும் சிரிப்பு நின்றது. கேனும் பெரிய சாஃப்ட்னருமாக இருந்தால் வீட்டுக்கு வருஷம் ஏறக்குறைய 17,500. ஆர்.ஓ.வும் சின்ன சாஃப்ட்னருமாக இருந்தால் 10,200. வித்தியாசம் 7,300 ரூபாய்!

மூன்றாம் மாடிக்காரர் விடவில்லை. "நாலு நாளைக்கு ஒரு தடவை உப்பு போட எங்க வீட்ல யாருக்குங்க நேரம்? ரெண்டு பேரும் ஆபீஸ் போறோம்" என்றார். அதுவும் உண்மை. அவர் தன் வீட்டுக்கு மட்டும் தானாகக் கழுவிக்கொள்ளும் கருவி போட்டுக்கொண்டார். தனியாக இருக்கும் கீழ் வீட்டுப் பெரியம்மா, "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு ஆர்.ஓ.? தினம் அஞ்சு லிட்டர், வாரத்துக்கு ரெண்டு கேன் போதும்" என்றார். அவருக்கு அதுதான் லாபம். வருஷத்துக்கு 104 கேன், 4,160 ரூபாய். தண்ணீர் ஒன்றாக இருந்தாலும் வீடு வேறு, கணக்கு வேறு. இரண்டு லட்சத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, மண் மூடிக் கிடந்த மழைநீர்க் குழியைத் தூர் வாரலாம் என்று முடிவாயிற்று.

வாங்கிய பிறகு...

* ஆர்.ஓ. கழிவு நீரை வாளியில் பிடியுங்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு, எச்சில் பாத்திரத்தை முதல் அலசு அலச உதவும். உப்பு அதிகம் என்பதால் செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள்.

* டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். மெம்பரேன் பழுதா என்று பார்க்க அது போதும். முன்பு 80 காட்டியது 250 காட்டினால் ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது.

* ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். ரொம்பக் குறைத்தால் ருசி சப்பென்று போகும். கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே போகும்.

* சாஃப்ட்னருக்கு அயோடின் கலக்காத சுத்தமான கல் உப்பு போதும். மண் கலந்த மலிவு உப்பு ரெசினைக் கெடுக்கும்.

* குழாய்க் காரைக்கு எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றி, அரை மணி கழித்துத் தேயுங்கள். கெட்டிலுக்கும் இதே வைத்தியம்.

* பருப்பையும் கொண்டைக்கடலையையும் குடிதண்ணீரில் வேகவிடுங்கள். கேஸும் மிச்சம், நேரமும் மிச்சம்.

* கேன் வாங்குகிறவர்கள் சீலையும் தேதியையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பாருங்கள். வெயிலில் நின்ற கேனைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

எங்கள் கணக்கை அப்படியே உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே! ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். என் தண்ணீரில் என்ன இருக்கிறது? எத்தனை லிட்டரைச் சுத்தம் செய்தால் போதும்? ஐந்து வருஷத்தில் மொத்தம் எவ்வளவு கொடுப்பேன்? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு கடைக்குப் போனால், கடைக்காரர் உங்களிடம் பேசுகிற தோரணையே மாறிவிடும். போய்ப் பாருங்கள்!